மலையாற்றைத் திருப்பிய அணையும் அதைப் பழுது பார்த்த வழிகளும்

பெண்ணாடத்துத் தூங்கானைமாடக் கோயிலைக் கண்டவர்கள் அங்குள்ள நந்தியை மறந்திருக்க மாட்டார்கள். மற்ற சிவாலயங்களில் நந்தி இறைவன் முகம் நோக்கிக் கிடக்கும். இங்கோ அது மறுபுறம் திரும்பியிருக்கிறது. ஒரு காலத்தில் பிரளய வெள்ளம் ஊரை விழுங்க வந்ததாம். அதைத் தடுக்கும்படி இறைவன் பணிக்க, நந்தி திரும்பி நின்று அவ்வளவு நீரையும் குடித்துவிட்டதாம். ஆகவேதான் சுவாமிக்குப் பிரளயகாலேசுவரர் என்ற திருநாமம் வந்தது என்று ஊரார் கூறுவர். வெள்ளம் வரும் திசையை நோக்கி ஒரு காவலாளியை நிறுத்த வேண்டும் என்ற எண்ணம், ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களுக்கு இயல்பாகவே தோன்றியிருக்கிறது.

அந்த ஆறு வெள்ளாறு. கல்வராயன், பச்சைமலை முதலிய மலைகளிலிருந்து இறங்கும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறாகிப் பெண்ணாடத்துப் பக்கம் வருகின்றன. அருகே பெலாந்துறையில் அதன் குறுக்கே ஓர் அணைக்கட்டு உண்டு. அது உயரமானதன்று. ஆற்று நீரைச் சற்றே தடுத்து, மட்டத்தை உயர்த்தி, பக்கத்து வாய்க்காலுக்குத் திருப்பிவிடும். அவ்வளவே அதன் வேலை. வெள்ளம் மிகுந்தால் நீர் அதன் தலைமேல் ஏறிப் போய்விடும். இத்தகைய அணைக்கட்டில் கல் பெயர்ந்தாலும், அடியில் மண் அரித்தாலும், கோடையில் ஆறு வற்றும் வரை காத்திருந்து, மணலில் இறங்கி நின்று செப்பனிடலாம். நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததும் அதுவே.

ஆனால் இதே திருப்பும் வேலையை ஆறு பிறக்கும் மலையின் உச்சிக்கு அருகே, கடல் மட்டத்துக்குப் பல நூறு அடி உயரத்தில், காட்டு நடுவே செய்ய நேர்ந்தால் என்ன ஆகும்? அதுவும் ஒருமுறை கட்டிய பிறகு என்றுமே வற்ற விட முடியாத நீர்த்தேக்கமாக அது அமைந்தால், பழுதை எப்படிப் பார்ப்பது? இக்கேள்விக்கு விடை தேட வேண்டுமானால் நாம் வெள்ளாற்றை விட்டுப் பெரியாற்றங்கரைக்குச் செல்ல வேண்டும்.

சிவகிரி மலைகளில் தோன்றும் பெரியாறு மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலப்பது. மலையின் கிழக்குச் சரிவிலோ வைகை. ஆண்டில் பல மாதங்கள் மணலாகக் கிடப்பது. ஒரு பக்கம் நீர் மிகுதி, மறுபக்கம் பஞ்சம். இடையே ஒரு மலை முதுகு. மேற்கே போகும் நீரைக் கிழக்கே திருப்பலாகாதா என்று 1789-ஆம் ஆண்டளவில் இராமநாதபுரத்துச் சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு பேரை மலைக்கு அனுப்பி ஆராயச் செய்தார். வழி உண்டு என்று அவர்கள் வந்து சொன்னார்கள், பணந்தான் இல்லை. 1808-இல் கும்பினியாரின் எஞ்சினீயர் ஜேம்ஸ் கால்டுவெல் அதே இடத்தைப் பார்த்துவிட்டு, இது வெறும் பகற்கனவு, இனி இதைப் பற்றிப் பேசவே வேண்டா என்று எழுதிவிட்டார். 1850-இல் ஒரு சிறு அணை கட்டத் தொடங்கினார்கள், காட்டின் நோய்க்கு அஞ்சிய கூலியாட்கள் கூடுதல் கூலி கேட்டார்கள், வேலை நின்றது. 1860-களில் இரைவ்ஸ் என்ற இராணுவ எஞ்சினீயர் விரிவாக ஆராய்ந்து மண்ணணை ஒன்றைப் பரிந்துரைத்தார். அது விவாதத்தில் இருக்கும்போதே 1876-ஆம் ஆண்டின் கொடும் பஞ்சம் வந்து சேர்ந்தது. மதுரைச் சீமை கண்ட துயரம், இத்திட்டத்தை இனித் தள்ளிப்போட முடியாது என்ற நிலையை உண்டாக்கிற்று. 1882-இல் மேஜர் ஜான் பென்னிகுவிக்கிடம் பொறுப்பு வந்தது.

மண்ணணையா, கல்லணையா? மண்ணணை மலிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு: அதன் தலைமேல் நீர் ஏறினால் சில மணி நேரத்தில் கரைந்து போகும். பெரியாற்றில் வேலை பல ஆண்டுகள் நடக்கும். ஒவ்வோர் ஆண்டும் இரு பருவ மழைகளின் வெள்ளம் அரைகுறையாக நிற்கும் அணையின்மேல் ஏறியே தீரும். கல்லும் காரையும் கொண்டு கட்டினால் அந்த வெள்ளத்தைத் தாங்கி நிற்கக் கூடும். எனவே கட்டுமான அணையே வென்றது. அப்போதும் வெள்ளம் விடவில்லை. ஆற்றைத் திருப்பக் கட்டிய தற்காலிகத் தடுப்புகளை அது மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. காய்ச்சலாலும் பிற நோய்களாலும் மாண்டவர்கள் 483 பேர் என்பது கணக்கு. அவர்களுள் சிலரது கல்லறைகள் அணைக்கு அருகே காட்டுக்குள் இன்றும் இருக்கின்றன.

இங்கே விருத்தாசலத்துப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். உங்கள் பகுதியில் களிமண்ணைச் சூளையில் இட்டுப் பீங்கானும் பொம்மையும் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சுட்ட களிமண்ணைத் தூளாக்கினால் கிடைப்பதே சுர்க்கி. வெறும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுத்தான் இறுகும். அடியில் 138 அடி கனமுள்ள ஓர் அணையின் நடுவயிற்றுக்குக் காற்று எங்கே போகும்? ஆனால் சுண்ணாம்போடு சுர்க்கியைக் கலந்தால், காற்றின் உதவியின்றி நீருக்குள்ளேயே அது இறுகும். ரோமாபுரியார் எரிமலைச் சாம்பலைக் கலந்து இதே காரியத்தைச் செய்தனர். நம்மிடம் எரிமலை இல்லை, சூளை இருந்தது. சிமெண்டோ அக்காலத்தில் கப்பலில் வர வேண்டிய பொருள். சென்னையில் அதை உற்பத்தி செய்யும் முயற்சி 1904-இல்தான் தொடங்கிற்று. எனவே பெரியாற்று அணையின் உட்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரைக் கான்கிரீட்டால் ஆயிற்று. முன்னும் பின்னும் கருங்கல் கட்டுமானம். நீளம் 1,200 அடி; உச்சியின் அகலம் 12 அடி; ஆற்றுப் படுகைக்கு மேல் உயரம் 155 அடி. பக்கத்தே ஒரு தாழ்ந்த மேட்டை அடைக்கச் சிற்றணை ஒன்றும் உண்டு. தேங்கிய நீர், மலையைக் குடைந்த 5,704 அடிச் சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கி, வைரவனாறு, சுருளியாறு ஆகியவற்றின் மூலம் வைகையைச் சேரும். 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு செய்த ஒப்பந்தப்படி 8,000 ஏக்கர் நிலம் 999 ஆண்டுக் குத்தகைக்கு வந்தது. ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். 1887-இல் தொடங்கிய வேலை முடிந்து, 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார்.

அதே 1895-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-இல் பிரான்சு நாட்டில் பூசே என்ற இடத்திலிருந்த கல்லணை ஒன்று உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பெரியாற்று அணை போன்றவை தம் எடையாலேயே நிற்பவை. நீர் பக்கவாட்டில் தள்ளுகிறது. எடை கீழே அழுத்துகிறது. இரண்டும் சேர்ந்த விசை அணையின் அடித்தளத்துக்குள்ளேயே விழுமானால் அணை நிற்கும். பழைய எஞ்சினீயர்கள் பெரும்பாலும் இவ்வளவோடு கணக்கை முடித்துக் கொண்டார்கள். பூசே அணை உடைந்த பிறகு மோரிஸ் லெவி என்ற பிரெஞ்சு அறிஞர் வேறொன்றைச் சுட்டிக் காட்டினார். அணைக்கு அடியிலும் அதன் விரிசல்களிலும் புகும் நீர், அணையை மேல் நோக்கித் தூக்குகிறது. அதாவது அணையின் எடையில் ஒரு பகுதியை நீரே களவாடிவிடுகிறது! இக்களவைக் கணக்கில் சேர்க்காத காலத்தில் திட்டமிடப்பட்ட அணைகள் உலகெங்கும் பல. குவாலியருக்கு அருகே திக்ரா அணை 1917-இல் உடைந்தது, இந்நாட்டிலும் அப்பாடத்தைக் கற்பித்தது.

பெரியாற்று அணைக்கு இன்னொரு நோயும் உண்டு. சுண்ணாம்புக் காரையினூடே கசியும் நீர் சிறிது சிறிதாகச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். பின்புறக் கல்லில் வெள்ளைப் படலமாக அது படியும். 1930-களின் தொடக்கத்திலும், பிறகு 1960-களிலும் அணையின் உச்சியிலிருந்து துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தினார்கள். பல்லில் ஏற்பட்ட குழியை மருத்துவர் அடைப்பது போன்ற வேலை இது. கசிவு குறையும், போன எடையும் ஓரளவு திரும்பும். ஆனால் அணையின் வடிவம் அதேதான். மேல் நோக்கித் தூக்கும் விசைக்கு இதனால் முழு விடை கிடைக்காது.

1979 ஆகஸ்டு 11-இல் குசராத்தில் மச்சு நதியின் அணை உடைந்து மோர்வி நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அது மண்ணும் கல்லும் சேர்ந்த அணை. வெள்ளம் தலைமேல் ஏறியதால் உடைந்தது. பெரியாற்று அணையோடு அதற்கு உறவு ஒன்றுமில்லை. ஆயினும் அச்சத்துக்கு அணை வகை தெரியாது. கேரளத்தில் அணைக்குக் கீழே வண்டிப்பெரியார் முதலிய ஊர்களில் வாழ்ந்தவர்கள் நடுங்கினார்கள். அவர்களுக்கும் கீழே, இதைவிடப் பன்மடங்கு பெரிய இடுக்கி நீர்த்தேக்கம். மேலணை போனால் கீழணை என்னாகும் என்ற கேள்வி எழுந்தது. மறுபுறம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இராமநாதபுரம் வரை இந்நீரை நம்பிய உழவர்கள். நீர்மட்டத்தில் ஓர் அடி குறைந்தாலும் அது யாரோ ஒருவருடைய இரண்டாம் போகம். இருதரப்புக் கவலையும் மெய்யான கவலையே என்பதை மறந்து எழுதப்பட்ட கட்டுரைகளை நான் ஏராளமாகப் படித்திருக்கிறேன். அவற்றால் எனக்குத் தெளிவு பிறந்ததில்லை.

அவ்வாண்டு நவம்பர் 25-இல் மத்திய நீர்க்குழுவின் தலைவர் கே. சி. தாமஸ் இரு மாநிலத்தாரையும் கூட்டி வைத்துப் பேசினார். அப்போது எஞ்சினீயர்கள் முன் இருந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, நீர்மட்டத்தைக் குறைப்பது. இது பழுதுபார்ப்பே அன்று. நோயாளியைப் படுக்க வைப்பது போன்றது. ஆயினும் உடனே செய்யக் கூடியது அதுவொன்றே. நீரின் தள்ளும் விசை ஆழத்தின் இருமடிக்கேற்ப வளர்வது. ஆகவே உச்சியில் சில அடிகளைக் குறைத்தாலும் பலன் மிகுதி. முழுக் கொள்ளளவின் 152 அடியிலிருந்து மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது.

இரண்டாவது, அணையின் தலைமேல் பாரம் ஏற்றுவது. இரும்புக் கம்பி இட்ட கான்கிரீட்டால் உச்சி நெடுகத் தொப்பி அணிவித்தார்கள். எடையால் நிற்கும் அணைக்கு எடையைக் கூட்டுவது எளிய வழி. சில மாதங்களில் முடியும். வெள்ளம் தலைமேல் ஏறினால் பழைய கட்டுமானம் பெயராமலும் அது காக்கும். ஆனால் உச்சியின் அகலம் 12 அடிதானே? அங்கே எவ்வளவுதான் ஏற்றுவது?

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் சுவையானது. எடையை ஏற்றுவதற்குப் பதிலாக, அணையைப் பாறையோடு சேர்த்துக் கட்டிவிடுவது. உச்சியிலிருந்து நேர் கீழாகத் துளையிட்டு, அணையைக் கடந்து அடிப்பாறைக்குள் இறங்கி, எஃகுக் கம்பிகள் பலவற்றைத் திரித்த வடத்தை உள்ளே விட்டு, பாறையில் அதன் நுனியைச் சிமெண்டால் பிடிக்கச் செய்து, மேல் நுனியை இழுத்து முறுக்கிப் பூட்டுகிறார்கள். ஒவ்வொரு வடமும் 120 டன் விசையோடு அணையைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. ஒரு கல்கூட ஏற்றாமல் 120 டன் பாரம்! இம்முறையை முதன்முதல் 1934-இல் அல்சீரியாவின் ஷெர்ஃபா அணையில் ஆந்திரே குவான் என்ற பிரெஞ்சு எஞ்சினீயர் கையாண்டார். அதுவும் பெரியாற்று அணையின் காலத்துக் கல்லணையே. ஒருமுறை வெள்ளத்தில் உடைந்து மீண்டும் கட்டப்பட்டது.

இம்முறைக்குக் குறை இல்லையா? உண்டு. எஃகு துருப்பிடிக்கும், துளைக்குள் மறைந்திருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. பழைய காரைக்குள் துளையிடும்போது அங்கே பொந்து இருந்தால் குழம்பு ஓடிப்போகும். வடத்தின் இழுப்பும் காலப்போக்கில் சற்றே தளரும். ஆதலால் இதை இடைக்கால மருந்தாகவே வைத்துக் கொண்டார்கள். இது சரியான முடிவு என்றே தோன்றுகிறது.

நான்காவது வழி நீண்டகாலத்துக்கானது. அணையின் பின்புறம் முழுவதையும் ஒட்டி, அடித்தளத்திலிருந்து புதிய கான்கிரீட் சுவர் ஒன்றை எழுப்பி முட்டுக் கொடுப்பது. அடியில் இதன் அகலம் ஏறத்தாழ 32 அடி. சாய்ந்த மண்சுவருக்குக் கிராமத்தில் அணைசுவர் வைப்பார்களே, அக்கருத்துத்தான். ஆயினும் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய சுண்ணாம்புக் காரை மென்மையானது. புதுக் கான்கிரீட் விறைப்பானது. புதுக் கான்கிரீட் இறுகும்போது வெப்பம் பிறக்கும். பிறகு குளிர்ந்து சுருங்கும். இரண்டும் ஒட்டாமல் பிரிந்து நின்றால், தோளோடு தோள் சேராத இருவர் ஒரு பாரத்தைத் தாங்க முயல்வது போலாகும். எனவே பழைய முகத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, இரண்டையும் பிணைத்து, ஒரே உடலாக நிற்கும்படி செய்ய வேண்டும். அதோடு, இடையில் கசிந்து வரும் நீர் தேங்கிப் புதுச் சுவரைப் பின்னிருந்து தள்ளாதபடி வடிகாலும், மனிதர் உள்ளே நடந்து பார்க்கக் கூடிய ஆய்வுக்கூடமும் அமைக்க வேண்டும். இவ்வளவையும் நீர்த்தேக்கத்தை வற்ற விடாமலே, முன்புறம் நூறடிக்கு மேல் நீர் நிற்கும்போதே செய்தார்கள். இதனோடு கலிங்கின் மதகுகள் பத்திலிருந்து பதின்மூன்றாக உயர்த்தப்பட்டன. நூறாண்டுக்கு முன் மழைக்கணக்கு இருந்த நிலையில் பத்து போதும் என்று தோன்றியதில் வியப்பில்லை. புதிய கணக்கு இன்னும் பெரிய வெள்ளத்தைச் சொல்லிற்று.

ஐந்தாவது வழி, இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சற்றுக் கீழே புதிய அணை ஒன்றையே கட்டுவது. இதற்கான இடத்தை 1979-லேயே இரு மாநில எஞ்சினீயர்களும் சென்று பார்த்தார்கள். புதியது புதியதே, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் ஐயுற வேண்டியதில்லை. ஆனால் அது எழும் வரை பழைய அணை நின்றே ஆக வேண்டும். ஆகவே பழையதைப் பழுது பார்க்கும் செலவு மிச்சப்படாது. காடு வேறு அழியும். அது தேக்கடியின் வனவிலங்குப் புகலிடம். எல்லாவற்றுக்கும் மேலாக, 999 ஆண்டு ஒப்பந்தம் பழைய அணையைப் பற்றியது. புதிய அணையின் நீருக்கு உரிமை எவ்வாறு அமையும் என்ற கேள்விக்குக் கான்கிரீட்டில் விடை கிடையாது. தமிழகம் தயங்கியதும் கேரளம் வற்புறுத்தியதும் இந்த முடிச்சில்தான்.

1980-களில் தொப்பியும் வடமும் பின்சுவரும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. வழக்குகளோ அதன் பிறகுதான் வளர்ந்தன. 2006 பிப்ரவரி 27-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் 136 அடியை மீறக் கூடாதென்று சட்டத்தைத் திருத்தியது. நீதிபதி ஆனந்த் தலைமையில் 2010-இல் அமைந்த குழு, அணையை மீண்டும் ஆராய்ந்து, அது கட்டுமானத்திலும் வெள்ளம் தாங்குவதிலும் நிலநடுக்கத்திலும் பாதுகாப்பானது என்று 2012-இல் அறிக்கை தந்தது.

அந்த அறிக்கையில் ஆறாவது வழி ஒன்று இருந்ததைப் பலர் கவனிக்கவில்லை. தற்போதைய சுரங்கத்தின் வாய் 104 அடி மட்டத்தில் இருப்பதால் அதற்குக் கீழுள்ள நீரைக் கிழக்கே கொண்டு வர முடியாது. 50 அடி மட்டத்தில் இன்னொரு சுரங்கம் குடைந்தால் என்ன? அணையில் அவ்வளவு உயரத்துக்கு நீரைத் தேக்காமலேயே வேண்டிய நீரை எடுக்கலாம். ஆபத்தென்று தோன்றினால் நீர்த்தேக்கத்தை விரைந்து காலி செய்யவும் கூடும். அணையைத் தொடாமலே அணையின் பாரத்தைக் குறைக்கும் யோசனை இது. கட்டுமான வழிகளைப் பற்றியே முப்பது ஆண்டு வாதாடிய பிறகு, வாயிலின் மட்டத்தை மாற்றலாம் என்று தோன்றியது எனக்குப் பெருவியப்பாகவே இருக்கிறது. முத்திருளப்ப பிள்ளையின் ஆட்கள் மலைக்குப் போனதும் நீருக்கு எங்கே வழி விடலாம் என்று பார்க்கத்தானே!

2014 மே 7-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்ட அமர்வு தீர்ப்பளித்தது. கேரளத்தின் திருத்தச் சட்டம் செல்லாது என்றும், 142 அடி வரை தேக்கலாம் என்றும், மேற்பார்வைக்கு ஒரு குழு வேண்டும் என்றும் அது கூறிற்று. புதிய அணையை ஒரு மாநிலத்தின்மேல் நீதிமன்றம் திணிக்க முடியாது. இருவரும் இசைந்தால் கட்டிக் கொள்ளலாம் என்றும் சொல்லிற்று. அவ்வாண்டு நவம்பர் 21-இல், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, நீர் 142 அடியைத் தொட்டது. அன்று கம்பம் பள்ளத்தாக்கில் மகிழ்ந்தார்கள். மலைக்கு மறுபுறம் பலர் கவலையோடு விழித்திருந்தார்கள்.

அணைக்குள் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் கசிவுநீர் ஒரு சிறு கால்வாய் வழியே வந்து, முக்கோண வடிவில் வெட்டிய ஒரு தகட்டின்மேல் வழிகிறது. அவ்வெட்டில் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதைக் கொண்டு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கசிகிறது என்று கணக்கிடுவார்கள். நீர்மட்டம் ஏறும்போது அந்த எண் எவ்வளவு ஏறுகிறது என்பதைத்தான் இருதரப்பு எஞ்சினீயர்களும் குனிந்து பார்க்கிறார்கள்.